நூறு ரூபாய் சிரிஞ்சா, வேக்குவம் பம்ப்பா? கிளட்ச்சில் ஏர் எடுக்கும் கருவிகள் ஒரு பார்வை

ஹைட்ராலிக் கிளட்ச் (கேபிளுக்குப் பதில் ஆயில் அழுத்தத்தால் இயங்குவது) உள்ள காரில் ஏர் எடுக்க, அதாவது ஆயில் லைனில் புகுந்த காற்றை வெளியேற்ற, ஸ்பேர் பார்ட்ஸ் கடையிலும் ஆன்லைனிலும் நான்கு விதமான சாமான் கிடைக்கிறது: ஒன்வே வால்வு வைத்த ஹோஸ், கையால் அழுத்தும் வேக்குவம் பம்ப், ஆயில் டப்பாவின் வாயில் மாட்டும் பிரஷர் பாட்டில், மருந்துக்கடையில் வாங்கும் பெரிய சிரிஞ்ச். நான்கில் விலை குறைந்தது சிரிஞ்ச்தான். கிளட்ச் வேலைக்கு முதல் இடமும் அதற்கே. இதே வரிசை பிரேக்குக்குப் பொருந்தாது, அங்கே பிரஷர் பாட்டில்தான் முன்னால் நிற்கும். இரண்டுக்கும் ஒரே பிரேக் ஆயில், காற்றை வெளியே விடத் திறக்கும் நிப்பிளும் ஒரே மாதிரி என்பதால் ஒரே கருவி போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி வாங்கித்தான் பல வேக்குவம் பம்ப்கள் டூல் பெட்டியின் அடியில் கிடக்கின்றன.

ஏன் இந்த வித்தியாசம் என்பது கணக்கில் இருக்கிறது. பெடல் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் போர் (உள்விட்டம்) 5/8 அங்குலம், கியர்பாக்ஸ் பக்கம் கிளட்ச்சை விலக்கும் ஸ்லேவ் சிலிண்டரின் போர் 13/16 அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள், இரண்டுமே சந்தையில் பரவலான அளவுகள். பெடல் 140 மிமீ இறங்குகிறது, பெடலின் நெம்பு விகிதம் 6க்கு 1. அப்படியானால் மாஸ்டர் பிஸ்டன் நகர்வது 23 மிமீ. தள்ளப்படும் ஆயில் நாலரை எம்எல் சொச்சம், அதாவது இருமல் மருந்து ஒரு வேளைக்குக் குடிக்கும் அளவு கூட இல்லை. அதைக் கொண்டு ஸ்லேவ் பிஸ்டன் ஏறத்தாழ 14 மிமீ நகர வேண்டும். லைனில் 1 எம்எல் காற்று இருந்தால் பெடலை மிதித்ததும் அது நசுங்கி ஒன்றுமில்லாமல் போகும், ஸ்லேவ் பயணத்தில் 3 மிமீ காணாமல் போகும். 14 மிமீயில் 3 மிமீ போனால் பிளேட் முழுதாக விலகாது. ரிவர்ஸ் போடும்போது பல் உரசும் சத்தம் அங்கிருந்துதான் வருகிறது.

பிரேக்கில் நாலு தடவை பம்ப் செய்தால் பேட் டிஸ்க்கை நெருங்கி நிற்கும், ஒவ்வொரு மிதியும் முந்தையதோடு சேரும். கிளட்ச்சில் காலை எடுத்தவுடன் டயாஃப்ரம் ஸ்பிரிங் எல்லாவற்றையும் பின்னுக்குத் தள்ளிவிடும். குமிழி லைனுக்குள் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே இருக்கும், வெளியே வராது. போதாக்குறைக்கு, பல வண்டிகளில் மாஸ்டரிலிருந்து கிளம்பும் குழாய் ஃபயர்வாலை (எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள தகடு) ஒட்டி மேலே வளைந்து, பிறகுதான் கியர்பாக்ஸுக்கு இறங்கும். காற்று அந்த மேல் வளைவில் போய் உட்காரும். கீழே நிப்பிளைத் திறந்து மெதுவாக ஆயில் விட்டால், ஆயில் குமிழிக்கு அடியில் நழுவி ஓடிவிடும், குமிழி அசையாது.

வாங்கும் முன் பார்க்க வேண்டியது

எந்தக் கருவியும் தேய்ந்த வாசரை, அதாவது சிலிண்டருக்குள் ஆயிலை அடைக்கும் ரப்பர் கப்பை, சரிசெய்யாது. கிளட்ச் லைன் மூடிய சுற்று, நன்றாக இருக்கும் சிஸ்டத்தில் காற்று தானாக நுழையாது. டப்பா காலியாகியிருக்க வேண்டும், யாரோ லைனைக் கழற்றியிருக்க வேண்டும், இல்லையென்றால் எங்கோ கசிகிறது. இவற்றில் எது என்று தெரியாமல் ஏர் எடுப்பது பதினைந்து நாள் நிம்மதிக்கு மட்டும் உதவும்.

ஆயில் மட்டம் குறைந்திருந்தால் முதலில் டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விடுங்கள். பெடலோடு இணைந்த புஷ் ராடு மாஸ்டருக்குள் நுழையும் இடத்தில் ரப்பர் உறையை, அதாவது பூட்டை, விரலால் தடவினால் ஈரம் தெரியும். பெடல் கம்பி வழியாக வழிந்து கார்ப்பெட் வரை வந்திருக்கலாம், பெயின்ட் உரிந்திருந்தால் நாள்பட்ட கசிவு. அடுத்து ஸ்லேவ் சிலிண்டர். பூட்டின் ஓரத்தை லேசாக உரித்துப் பார்த்தால் உள்ளே ஒரு துளி தேங்கியிருந்தாலே அதன் வாசர் போய்விட்டது என்று பொருள். வெறும் பிசுபிசுப்பு இருந்தால் அது அசெம்பிள் செய்யும்போது தடவிய ரப்பர் கிரீஸாக இருக்கலாம், துடைத்துவிட்டு ஒரு வாரம் கழித்துப் பாருங்கள்.

பெல் ஹவுசிங்கின் (எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் கிளட்ச்சை மூடும் கூடு) அடியிலிருந்து சொட்டினால், அது கியர் ஆயிலா, எஞ்சின் ஆயிலா, கிளட்ச் ஆயிலா என்று கேட்டு மூன்று மெக்கானிக்குகளிடம் போக வேண்டாம். சொட்டும் திரவத்தில் இரண்டு துளியை ஒரு டம்ளர் தண்ணீரில் விடுங்கள். கரைந்துபோனால் பிரேக் ஆயில், மேலே மிதந்தால் மற்ற இரண்டில் ஒன்று.

வெளியே எங்கும் கசிவில்லை, மட்டமும் குறையவில்லை, ஆனாலும் பெடல் தானாக இறங்குகிறது என்றால் மாஸ்டரின் பிரைமரி கப் உள்ளுக்குள்ளேயே ஆயிலை விட்டுக்கொடுக்கிறது. சோதனை எளிது. சமதளத்தில், முன்னால் ஆளோ சுவரோ இல்லாத இடத்தில், எஞ்சின் ஓட, ஹேண்ட்பிரேக் போட்டு, பெடலை முழுதாக மிதித்து முதல் கியர் போடுங்கள். இன்னொரு கால் பிரேக் பெடலில் இருக்கட்டும். அரை நிமிடத்துக்கு மேல் அப்படியே பிடியுங்கள். முதலில் ஒழுங்காக நின்ற வண்டி, கால் அசையாமலேயே மெல்ல இழுக்கத் தொடங்கினால் மாஸ்டர் போய்விட்டது. காற்றாக இருந்தால் தொடக்கத்திலிருந்தே இழுக்கும், இரண்டு மூன்று தடவை வேகமாகப் பம்ப் செய்தால் கொஞ்சம் குறையும்.

இன்னொன்றைப் பலர் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். பிரேக் பேட் தேயத் தேய டப்பாவில் ஆயில் இறங்கும். தானாக அட்ஜஸ்ட் ஆகும் ஹைட்ராலிக் கிளட்ச்சில் பிளேட் தேயத் தேய டப்பாவில் ஆயில் ஏறும். பிளேட் மெலிந்தால் டயாஃப்ரம் விரல்கள் வெளிப்பக்கம் வந்து ஸ்லேவ் பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளும், அந்த ஆயில் மேலே போகும். ஆகவே தனி டப்பா உள்ள வண்டியில் மட்டம் குறைகிறது என்றாலே கசிவுதான், ‘தேய்மானத்தால் குறைந்தது’ என்று யாராவது சொல்லி ஊற்றிவிட்டுப் போனால் நம்பாதீர்கள்.

ஒன்வே வால்வு ஹோஸ்

தனி ஆளாக வேலை செய்யலாம் என்று சொல்லி விற்கிறார்கள். தெளிவான குழாய், நுனியில் ஒரு சின்ன வால்வு. நிப்பிளில் மாட்டி, அரைச் சுற்று திறந்து, உள்ளே போய்ப் பெடலை மிதித்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான் என்பது அட்டையில் போட்டிருக்கும் விளக்கம். பிரேக்கில் ஓரளவு நடக்கும். கிளட்ச்சில் நிப்பிள் திறந்தவுடன் பெடல் தரையோடு ஒட்டிக்கொள்ளும். மேலே தள்ள அழுத்தம் இல்லை, பல வண்டிகளில் பெடலுக்கு உதவியாக வைத்த ஸ்பிரிங்கே பாதி தூரத்துக்குக் கீழே அதைக் கீழ்ப்பக்கம் இழுக்கும். ஒவ்வொரு முறையும் கையை விட்டுத் தூக்க வேண்டும். தூக்கும்போது வால்வு ஹோஸ் வழியாகக் காற்றை விடாது, ஆனால் திறந்திருக்கும் நிப்பிளின் மரை வழியாக உள்ளே இழுத்துக்கொள்ளும். வால்வில் ஒரு மண் துகள் மாட்டினாலும் கதை முடிந்தது.

ஆள் துணை இருந்தால் இந்தக் கருவியே வேண்டாம். சாதாரணத் தெளிவுக் குழாயை நிப்பிளில் மாட்டி, மறுமுனையை ஆயில் உள்ள பாட்டிலில் முக்கி, மிதி, திற, மூடு, தூக்கு என்று பழைய முறையில் செய்வது இதைவிட நம்பகம். வரிசை மாறக் கூடாது: பெடல் தரையில் இருக்கும்போதே நிப்பிள் மூட வேண்டும், மூடிய பிறகே கால் எழ வேண்டும். மெல்லிய குழாயில் ஒரு மிதிக்கு ஆயில் அரை மீட்டர்தான் நகர்கிறது. மூடாமல் காலை எடுத்தால் அந்த அரை மீட்டரும் திரும்பி வந்துவிடும்.

வேக்குவம் பம்ப்

துப்பாக்கி போலப் பிடித்து அழுத்தும் பம்ப், மேலே மீட்டர், இடையில் கழிவு ஆயில் சேரும் சின்ன ஜாடி. மிட்டிவாக் போன்ற பழைய பெயர்களிலிருந்து பெயரில்லாத பிளாஸ்டிக் வரை கிடைக்கிறது. வாங்குவதானால் உலோக உடம்பும் மாற்று சீல்களும் கிடைக்கிற மாடல் வாங்குங்கள். கழிவு ஜாடி இல்லாத மாடலில் பிரேக் ஆயில் பம்ப்புக்குள் போய் அதன் சீலையே கெடுத்துவிடும்.

டப்பாவிலிருந்து பழைய ஆயிலை உறிஞ்ச, பிரேக்கில் ஆயில் மாற்ற, டர்போவின் வேக்குவம் ஆக்சுவேட்டர் சோதிக்க இது அருமையான சாமான். கிளட்ச்சில் ஏர் எடுக்க மட்டும் தடுமாறும். நிப்பிளைத் திறந்து மீட்டரில் 15, 20 அங்குலம் (பாதரச அளவு) வேக்குவம் வைத்தால் குழாயில் குமிழி குமிழியாக வந்துகொண்டே இருக்கும். பெரும்பாலும் அது லைனில் இருக்கும் காற்று இல்லை, நிப்பிள் மரை வழியாக வெளியிலிருந்து வரும் காற்று. அரை லிட்டர் ஆயில் தீரும் வரை குமிழி நிற்காது, எப்போது முடிந்தது என்றும் தெரியாது. நிப்பிளைக் கழற்றி மரையில் மட்டும் டெஃப்ளான் டேப் ஒன்றரைச் சுற்றுச் சுற்றிப் போட்டால் பொய்க் குமிழி அடங்கும். நுனியின் கூம்புப் பகுதியில் டேப் படக் கூடாது, சீல் ஆவது அங்கேதான்.

அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. ஸ்லேவ் சிலிண்டர் கப்பின் உதடு, உள்ளே அழுத்தம் இருக்கும்போது சுவரோடு ஒட்டும்படி வார்க்கப்பட்டது. உள்ளே வேக்குவம் வைத்தால் உதடு சுவரை விட்டு விலகப் பார்க்கும். கொஞ்சம் பழைய கப் என்றால் பூட் பக்கத்திலிருந்து காற்றைத் தானே உள்ளே இழுத்துவிடும். காற்றை எடுக்கப் போய்க் காற்றைச் சேர்ப்பது இதுதான்.

பிரஷர் பாட்டில்

இரண்டு மூன்று லிட்டர் கொள்ளளவு, கைப் பம்ப், மீட்டர், டப்பா மூடிக்குப் பதிலாகத் திருகும் அடாப்டர். வேலை சுத்தம்: மேலிருந்து நிலையான அழுத்தம், பெடல் தொட வேண்டாம், டப்பா காலியாகும் பயம் இல்லை. வண்டி நிறையப் பார்க்கும் ஒர்க்‌ஷாப்புக்குக் காசு வீணாகாது. ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடா, ஃபோர்டு போன்றவற்றில் பிரேக்குக்கும் கிளட்ச்சுக்கும் ஒரே டப்பா, பெரும்பாலும் 45 மிமீ திருகு மூடி, ஒரே அடாப்டர் எல்லாவற்றுக்கும் உட்காரும். ஜப்பானிய, கொரிய வண்டிகளுக்கு அளவு மாறும். பாட்டிலோடு வரும் பொது அடாப்டர், அதாவது ரப்பர் தட்டும் சங்கிலியும் வைத்து இழுத்துக் கட்டும் வகை, எங்காவது கசியும், கசிந்தது பானெட்டுக்கு அடியில் பெயின்ட்டைத் தின்னும். வாங்கும் முன் உங்கள் வண்டி மூடியின் மரையை அளந்துகொள்ளுங்கள்.

அழுத்தம் 10 முதல் 15 பிஎஸ்ஐ போதும். அதற்கு மேல் ஏற்றினால் பழைய பிளாஸ்டிக் டப்பாவின் ஒட்டும், மாஸ்டருக்குப் போகும் ரப்பர் ஹோஸின் கிளிப்பும் தாங்காது. முதலில் ஆயில் ஊற்றாமல் வெறும் காற்றை மட்டும் 10 பிஎஸ்ஐ ஏற்றி ஐந்து நிமிடம் விட்டு மீட்டர் இறங்குகிறதா என்று பாருங்கள், கசிவு இருந்தால் சேதமில்லாமல் தெரிந்துவிடும். கிளட்ச்சில் இதன் வரம்பு: மேல் வளைவில் உட்கார்ந்த குமிழியை மேலிருந்து கீழே தள்ள வேண்டியிருக்கிறது. நிப்பிளைப் படக்கென்று ஒரு முழுச் சுற்றுத் திறந்து வேகமாக ஓட விட்டால் போகும், கால் சுற்று திறந்து சொட்டுச் சொட்டாக விட்டால் போகாது.

சிரிஞ்ச்

50 அல்லது 60 எம்எல் சிரிஞ்ச், நிப்பிளில் இறுக்கமாக உட்காரும் தெளிவான குழாய் அரை மீட்டர், நிப்பிளுக்குப் பொருந்தும் ரிங் ஸ்பேனர் (பெரும்பாலும் 8 அல்லது 10 மிமீ), சீல் உடைக்காத டாட் 4 (பிரேக் ஆயிலின் தரக் குறியீடு) ஆயில் அரை லிட்டர், கைத்துணி, ஒரு வாளித் தண்ணீர். இவ்வளவுதான். மீன் தொட்டிக் கடையில் கிடைக்கும் சிலிக்கான் குழாய் நன்றாக உட்காரும்.

முதலில் பழைய கறுப்பு ஆயிலை மிதித்துத் திறக்கும் முறையில் கீழ் வழியாகவே முடிந்தவரை வெளியேற்றிவிடுங்கள். இதைத் தவிர்த்தால் ஸ்லேவில் படிந்த ரப்பர்த் தூளையெல்லாம் மேலே மாஸ்டருக்குள் தள்ளுவதாக ஆகும். பிரேக்கோடு பொது டப்பா என்றால் பிரேக் பக்கமும் போகும். பிறகு டப்பாவில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் விட்டு மிச்சத்தை உறிஞ்சுங்கள், கீழிருந்து வருவதற்கு இடம் வேண்டும்.

சிரிஞ்சில் 40 எம்எல் ஏற்றி, வாய் மேலே பார்க்கப் பிடித்துத் தட்டி, காற்றை வெளியேற்றி, குழாயின் நுனி வரை ஆயில் வந்து ஒரு துளி தொங்கும் வரை அழுத்துங்கள். அந்தத் துளி தொங்கும்போதே நிப்பிளில் செருக வேண்டும். நுனியில் ஒரு சென்டிமீட்டர் காற்று விட்டால் அதையும் உள்ளே ஏற்றுகிறீர்கள். ஸ்பேனரை முன்பே நிப்பிளில் மாட்டி வைத்திருங்கள், குழாய் செருகிய பிறகு ரிங் ஸ்பேனர் நுழையாது.

பெடல் முழுதாக மேலே இருக்க வேண்டும். இது முக்கியம். பெடல் சற்று அழுந்தியிருந்தாலும் மாஸ்டர் பிஸ்டன் டப்பாவுக்குப் போகும் சின்னத் துளையை மூடிவிடும். ஆயில் மேலே போக வழியிருக்காது, நீங்கள் அழுத்த அழுத்த ஸ்லேவ் பிஸ்டன்தான் நகரும். மிதியடி மடிந்து பெடலுக்கு அடியில் கிடக்கிறதா என்றும் பாருங்கள். நிப்பிளை அரைச் சுற்று திறந்து மெதுவாக அழுத்துங்கள், 20 எம்எல் போக ஒரு நிமிடம் எடுத்துக்கொள்ளலாம். மேலே டப்பாவைப் பார்க்க ஓர் ஆள் நிற்கட்டும். முதலில் பெரிய குமிழி இரண்டு மூன்று ‘பொளக்’ என்று வரும், பிறகு ஊசி முனை அளவில் நுரை, பிறகு தெளிவு. அழுத்தத்தை விடாமலே நிப்பிளை மூடுங்கள். டப்பா நிரம்பினால் உறிஞ்சிவிட்டு இன்னொரு தடவை.

முடித்ததும் பெடலை மெதுவாக, முழுத் தூரமும், பத்து தடவை மிதித்து விடுங்கள். வேகமாக அடித்தால் ஆயில் நுரைக்கும், நுரை தெளிய நேரமாகும். கடைசியாக ஒன்றிரண்டு முறை மிதித்துத் திறந்து மூடினால் கீழே மிஞ்சியதும் போகும். நிப்பிளை ஓங்கி முறுக்க வேண்டாம், பெரும்பாலான ஸ்லேவ்களில் 8 முதல் 10 நியூட்டன் மீட்டர் போதும், மணிக்கட்டு பலமே அதிகம். ரப்பர் மூடியைத் தொலைக்காமல் திரும்பப் போடுங்கள். அது இல்லாமல் மண் அடைத்த நிப்பிள் அடுத்த முறை திறக்கும்போது முறியும்.

குறை சொல்வதானால், சிரிஞ்சின் பிஸ்டன் ரப்பர் ஆயிலில் ஊறி இறுகிவிடும், இரண்டாவது வண்டிக்குள் திக்கித் திக்கித்தான் நகரும். ஒரு வேலைக்கு ஒன்று என்று தூக்கிப் போடுங்கள். குழாய் சிரிஞ்ச் வாயிலிருந்து நழுவினால் ஆயில் முகத்தில் அடிக்கும், கண்ணாடி போட்டுக்கொண்டே வேலை செய்யுங்கள். ஆயில் எங்கே தெறித்தாலும் துடைப்பதைவிடத் தண்ணீர் ஊற்றுவதே பெயின்ட்டைக் காப்பாற்றும்.

சில வண்டிகளில் ஸ்லேவ் உட்காரும் கோணத்தால் நிப்பிள் உச்சியில் இருப்பதில்லை. அப்படிப்பட்ட வண்டியில் எந்த முறைக்கும் ஒரு கடைசி ஆயுதம் உண்டு. ஸ்லேவின் இரண்டு போல்ட்டையும் கழற்றி, ஹோஸோடு தொங்கவிட்டு, பிஸ்டனை முழுதாக உள்ளே தள்ளி ஜி கிளாம்ப் போட்டுக் கட்டி, நிப்பிள் மேலே பார்க்கத் திருப்பிப் பிடித்து ஏர் எடுங்கள். கிளாம்ப் இல்லாமல் பெடலை மிதித்தால் பிஸ்டன் தெறித்து வெளியே விழும்.

ஆயில்

டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 205 டிகிரி, ஈரம் உறிஞ்சிய பிறகு 140. டாட் 4 என்றால் 230, 155. டாட் 5.1 என்றால் 260, 180. இவை தர விதி கேட்கும் குறைந்தபட்ச எண்கள், நல்ல ஆயில் இதைத் தாண்டும். டாட் 3 எழுதிய வண்டியில் டாட் 4 ஊற்றலாம். டாட் 5 சிலிக்கான் வகை, பெயர் நெருக்கமாக இருந்தாலும் மற்றவற்றோடு கலக்கக் கூடாது. சென்னை பாடியில் இயங்கும் பிரேக்ஸ் இந்தியாவின் டிவிஎஸ் கேர்லிங், பாஷ், காஸ்ட்ரால் என்று எந்தப் பெயரானாலும் டாட் 4 டாட் 4தான், கிளட்ச்சில் காலுக்கு வித்தியாசம் தெரியாது. பிராண்டைவிடப் பாட்டில் அளவு முக்கியம். கிளட்ச் லைன் முழுதும் மாற்ற 200 எம்எல் தாராளம். லிட்டர் பாட்டில் வாங்கி மிச்சத்தைக் கடற்கரை ஊரின் ஈரக் காற்றில் ஒரு வருடம் வைத்திருந்து ஊற்றுவதைவிட, 250 எம்எல் சீல் பாட்டில் இரண்டு வாங்குவது மேல்.

இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்றினால் போதும். பிரேக் சர்வீஸில் கிளட்ச் லைனைச் சேர்க்கிறார்களா என்று கேட்டு வாங்குங்கள். பல பில்லில் ‘பிரேக் ஆயில் மாற்றம்’ என்றிருக்கும், கிளட்ச் நிப்பிளைத் தொட்டிருக்கவே மாட்டார்கள், பொது டப்பா என்றாலும் அந்தக் கிளை லைனில் பழைய ஆயில் அப்படியே நிற்கும். நிப்பிள் மூடியில் தூசி கலையாமல் இருந்தால் தெரிந்துவிடும். எக்ஸாஸ்டுக்குப் பக்கத்தில் ஸ்லேவ் உட்கார்ந்த வண்டியில், நாள்பட்ட ஆயிலோடு கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறினால், மேலே போய்ச் சேரும்போது பெடல் தொளதொளக்க வாய்ப்புண்டு. ஆறினால் சரியாகிவிடும், அதனாலேயே யாரும் கண்டுபிடிப்பதில்லை.

டீசல், பெட்ரோல், எஞ்சின் ஆயில், சாதாரண கிரீஸ் எதுவும் ரப்பர் கப்பைத் தொடக் கூடாது. டீசலில் கழுவிய சிலிண்டரில் புதுக் கப் போட்டால் அது ஊதிப்போய், பிஸ்டன் திரும்பாமல் மாட்டிக்கொள்ளும். பிரேக் ஆயிலிலேயே கழுவுங்கள், பூட்டுக்குச் சிவப்பு ரப்பர் கிரீஸ்.

கிட்டா, முழு சிலிண்டரா

சோதனையில் வாசர் போயிருப்பது உறுதியானால் கேள்வி இதுதான். கிட்டில் கப், பூட், சில நேரம் ஸ்பிரிங்கும் லாக்கும் வரும், விலை முழு சிலிண்டரில் சிறு பகுதி. இரும்பு போர் உள்ள பழைய வகையில் உள்சுவரை விரல் நகத்தால் வருடிப் பாருங்கள், நகம் எங்கும் மாட்டவில்லை என்றால் கிட் நன்றாக ஓடும். துருப் புள்ளியோ கோடோ இருந்தால் புதுக் கப் சீக்கிரமே கிழியும். அலுமினிய போரை ஹோன் போட்டுத் தேய்த்துத் தருகிறேன் என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள், மேலிருக்கும் கடினப் பூச்சு போனபின் அது சாணைக்கல் மாதிரி கப்பைத் தின்னும். பிளாஸ்டிக் மாஸ்டர் உள்ள ஐரோப்பிய வண்டிகளில் கிட் பேச்சுக்கே இடமில்லை, முழுதாக மாற்றுவதுதான். மாஸ்டரும் ஸ்லேவும் ஒரே வயது என்றால் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். ஒன்றுக்குப் புதுக் கப் போட்டபின் மற்றொன்று ஒழுகத் தொடங்குவது சகஜம்.

மாஸ்டர் மாற்றினால் புஷ் ராடு விளையாட்டை, அதாவது ராடு மாஸ்டர் பிஸ்டனைத் தள்ளத் தொடங்கும் முன் இருக்கும் சிறு இடைவெளியை, சரிபார்க்காமல் வண்டியை வெளியே விடக் கூடாது. டொயோட்டா கையேடுகளில் பெடல் நுனியில் அளந்தால் புஷ் ராடு விளையாட்டு 1 முதல் 5 மிமீ, மொத்த ஃப்ரீ பிளே 5 முதல் 15 மிமீ. கிளட்ச் விடும் இடம், பெடல் முழுதாக இறங்கும் புள்ளிக்கு 25 மிமீயாவது மேலே இருக்க வேண்டும். விளையாட்டே இல்லாமல் ராடை நீட்டி வைத்தால் டப்பாவுக்குப் போகும் துளை மூடியே இருக்கும். ஆயில் சூடாகி விரிந்தால் போக இடமில்லாமல் ஸ்லேவைத் தள்ளும், வண்டி ஓட ஓட கிளட்ச் வழுக்கும். புது மாஸ்டர் போட்ட பின் பிளேட் கருகினால் பிளேட்டைக் குறை சொல்லும் முன் இதைப் பாருங்கள்.

ஸ்லேவ் உள்ளே இருக்கும் வண்டிகள்

ஃபோர்டு ஃபியஸ்டா, எக்கோஸ்போர்ட், செவ்ரோலே குரூஸ் போன்றவற்றில் ஸ்லேவ், டயாஃப்ரம் விரல்களைத் தள்ளும் ரிலீஸ் பேரிங்கோடு சேர்ந்து பெல் ஹவுசிங்குக்குள் கியர்பாக்ஸ் ஷாஃப்ட்டைச் சுற்றி உட்கார்ந்திருக்கும். அது கசிந்தால் கியர்பாக்ஸ் இறங்க வேண்டும். சாமான் விலையைவிடக் கூலி அதிகம், ஆகவே கிளட்ச் பிளேட் மாற்ற கியர்பாக்ஸ் இறங்கினால் நன்றாக இருக்கும் ஸ்லேவையும் மாற்றிவிடுவதுதான் கணக்கு. கிளட்ச் தயாரிப்பாளர்களும் அதைப் புரிந்துதான் விற்கிறார்கள், லூக்கின் ரெப்செட் ப்ரோ பெட்டியில் பிளேட், பிரஷர் பிளேட்டோடு இந்த ஸ்லேவும் சேர்ந்தே வரும். தனித்தனியாக வாங்கி மலிவான பேரிங் போட்டு மிச்சம் பிடிப்பதில் அர்த்தமில்லை.

புது ஸ்லேவைப் பெட்டியிலிருந்து எடுத்தவுடன் கையால் அமுக்கிப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். வெறும் சிலிண்டரில் ஆயில் இல்லாமல் பேரிங்கை ஏற்றி இறக்கினால் சீல் உதடு மடங்கும், எல்லை தாண்டி வெளியே வந்தால் சீல் தன் பள்ளத்தை விட்டு நழுவும். கியர்பாக்ஸை ஏற்றி போல்ட் முடிக்கும் முன் பெடலை மிதிப்பதும் அதே கதைதான். ஏர் எடுக்கும்போது முதல் பத்து இருபது நிமிடம் நிப்பிளைத் திறந்துவிட்டுத் தானாக வழிய விடுங்கள், டப்பாவை மட்டும் நிரப்பிக்கொண்டிருங்கள். பிறகு சிரிஞ்ச், அல்லது பிரஷர் பாட்டில் 10 பிஎஸ்ஐ. இந்த வகைக்கு வேக்குவம் பம்ப் கூடவே கூடாது, சீல் உதடு மெல்லியது. சிலவற்றில் நிப்பிளுக்குப் பதில் கிளிப் இருக்கும்: கிளிப்பை உயர்த்திக் குழாயை ஒரு படி மட்டும் வெளியே இழுத்தால் ஏர் எடுக்கும் நிலை, இன்னொரு படி இழுத்தால் குழாய் கையோடு வந்துவிடும். வேலை முடிந்ததும் குழாயைத் தள்ளி, கிளிப் ‘டிக்’ என்று அமர்ந்த பிறகு ஒரு முறை பின்னுக்கு இழுத்துப் பாருங்கள்.